சார்பட்டா 2 எப்ப வரும்?

2025 தீபாவளி வாரம். மாரி செல்வராஜின் 'பைசன்' இரண்டாம் ஆட்டம் முடிந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். மூன்று பேர். ஒருவன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறான். இன்னொருவனுக்குக் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். நான் பழைய மகாபலிபுரம் சாலையில் கோடு எழுதுகிறவன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். பார்த்த படத்தைப் பற்றிப் பத்து நிமிஷமும் வரப்போகிற படங்களைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசுவது எங்கள் வழக்கம்.

அன்றைக்குப் பேச நிறைய இருந்தது. வெற்றிமாறன் சிம்புவை வைத்து எடுக்கும் 'அரசன்' அறிவிப்பு அந்த மாதம்தான் வந்திருந்தது. வடசென்னை 2 என்று ஏழு வருஷமாகக் காத்திருந்தவர்களுக்கு, அந்தக் கதை உலகத்திலிருந்தே வேறொரு படம் வருகிறது என்பது பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். அதிலிருந்து பேச்சு ரஞ்சித்துக்குப் போனது. 'பைசன்' டைட்டிலில் தயாரிப்பாளராக அவர் பெயர் வந்தபோது தியேட்டரில் நல்ல விசில்.

"படம் தயாரிக்கச் சொல்லு, ஆளு கில்லாடி. டைரக்ஷன்தான் ஒரு படம் ஏறுனா ஒரு படம் இறங்குது," என்றான் கிளியரிங்காரன். விரல் விட்டு எண்ணினான். "அட்டகத்தி நல்லா இருந்துச்சு. மெட்ராஸ் சூப்பரு. கபாலி பாதி. காலா முக்கால். சார்பட்டா வேற லெவல். நட்சத்திரம் நகர்கிறது யாருக்குப் புரிஞ்சுது? தங்கலான் தலைவலி."

"அப்போ வேட்டுவம்?"

"அத வுடு. சார்பட்டா 2 எப்ப? அத சொல்லு."

ஐஸ் வியாபாரி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "இவுரு நம்ம ஏரியாவ விட்டுப் போனாதான் மச்சான் சறுக்குறாரு," என்றான்.

மெட்ரோவில் வேலைக்குப் போகும்போதெல்லாம் இந்த ஒரு வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் சரியா?

*

ரஞ்சித்தின் ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு விளக்கங்கள் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று என் நண்பன் சொன்னது: வடசென்னையில் இருந்தால் ஜெயிக்கிறார், வெளியே போனால் தோற்கிறார். இன்னொன்றை அலுவலக கேன்டீனில் அடிக்கடி கேட்டிருக்கிறேன்: நல்ல டைரக்டர்தான், அரசியல் பேச ஆரம்பித்ததும் கெட்டுப்போனார்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். 'மெட்ராஸ்' 2014 செப்டம்பரில் வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு சுவர். அதில் எந்தக் கட்சித் தலைவரின் முகம் இருக்க வேண்டும் என்பதில் ஆட்கள் சாகிறார்கள். முழுப் படமும் அவ்வளவுதான். இதைவிட அரசியலாக ஒரு கதை சொல்ல முடியாது. 'அரசியல் இல்லாமல் நன்றாக இருந்த ரஞ்சித்' என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தச் சுவர் எதைப் பற்றியது என்று கேன்டீன் நண்பர்களுக்கு அப்போது தெரியவில்லை, தெரிந்த பிறகு பிடிக்கவில்லை. அது படத்தின் குறை இல்லை.

'மெட்ராஸ்' வந்தபோது நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீடு எங்கே என்று கேட்பார்கள். திருவொற்றியூர் என்றால், "அங்கெல்லாம் ராத்திரி சேஃபா?" என்பார்கள். அக்கறையோடுதான் கேட்பார்கள், அதுதான் இன்னும் கஷ்டம். 'மெட்ராஸ்' படத்தின் காளி ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவன். சட்டையை இன் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஹவுசிங் போர்டுக்குத் திரும்பி வந்து கால்பந்து மைதானத்தில் நிற்பான். என்னைப் போல ஒருத்தனைத் திரையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆகவே இந்த இயக்குநர் விஷயத்தில் நான் நடுநிலையானவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் சறுக்கும்போது, யாரோ ஒரு டைரக்டர் சறுக்கினார் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதவும் வேண்டியிருக்கிறது.

முதல் விளக்கம் இதைவிடச் சிக்கலானது. 'அட்டகத்தி' வடசென்னையில் நடப்பதில்லை. நகரத்தின் ஓரத்துக் கிராமம், மின்சார ரயில், பேருந்து, டுடோரியல் என்று போகிற கதை. ரஞ்சித் பிறந்து வளர்ந்ததே ஆவடிப் பக்கம் கர்லப்பாக்கத்தில். 'நட்சத்திரம் நகர்கிறது' பாண்டிச்சேரியில் நடக்கிறது. அது ஓடவில்லை, ஆனால் அவருடைய மோசமான படம் என்று அதைச் சொல்ல என்னால் முடியாது. 'காலா' தாராவி. அதன் முதல் ஒரு மணி நேரம் எந்த வடசென்னைப் படத்துக்கும் குறைந்ததில்லை. ஏரியா என்கிற கணக்கு ஒத்துவரவில்லை. வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

*

அது என்னவென்று எனக்குத் தோன்ற வைத்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். இருபது வயதில் பாக்ஸிங் மேட்ச் பார்க்கப் பைத்தியமாக அலைந்தவர். தான் சண்டை போட்டதாக அவர் எப்போதும் சொன்னதில்லை, அந்த நேர்மை அவரிடம் உண்டு. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' நேரடியாக அமேசான் பிரைமில் வந்தபோது, என் லேப்டாப்பில்தான் போட்டுக் காட்டினேன். கொரோனாவின் இரண்டாம் அலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை அதற்கு முந்தின வருஷமே மூடிவிட்டார்கள். வடசென்னையைப் பற்றி வந்த படங்களிலேயே வடசென்னை ஆட்கள் அதிகம் கொண்டாடிய படம், வடசென்னையின் எந்தத் தியேட்டரிலும் வெளியாகவில்லை. பதினைந்து இன்ச் திரையில், ஃபேன் சத்தத்துக்கு நடுவில், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஹார்பரில் வேலை பார்க்கும் கபிலன் வேலை முடிந்ததும் மேட்ச் பார்க்க ஓடுகிற இடத்தில் பெரியப்பா, "அது கரெக்டு," என்றார். டான்ஸிங் ரோஸ் ரிங்குக்குள் வந்ததும் எழுந்து லேப்டாப்புக்குக் கிட்டே வந்தார். நான் ரோஸின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கையப் பார்க்காதடா, காலப் பாரு. கை ஏமாத்தும்," என்றார்.

அந்தக் காட்சியை அதற்கப்புறம் பல தடவை பார்த்துவிட்டேன். அவர் சொன்னது சரி. ரோஸின் ஆட்டம் முழுக்கக் காலில் இருக்கிறது. அந்தத் தாளத்தைப் பிடித்த பிறகுதான் கபிலன் அடிக்க ஆரம்பிக்கிறான்.

ஒரு இயக்குநரின் படங்களை ஹிட், ஃப்ளாப் என்று அடுக்குவது கையை மட்டும் பார்க்கிற வேலை. எத்தனை குத்து விழுந்தது என்ற கணக்கு. அதற்குள் நிறைய விஷயம் கலந்துவிடுகிறது: நட்சத்திரம் யார், எந்த வாரம் வந்தது, எதிரில் எந்தப் படம், தியேட்டரா பிரைமா. அப்படியென்றால் ரஞ்சித்தின் கால் எது? அவருடைய படங்கள் நன்றாக நடக்கும்போது அவற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது?

வரிசையாகத் திரும்பப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த பதில் ரொம்பச் சாதாரணமானது. ரஞ்சித்தின் படம் உயிரோடு இருக்கும்போதெல்லாம் அதன் நாயகன் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

*

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'அட்டகத்தி' தினகரன் படம் முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகிறவன். அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, வீட்டிலும் தெருவிலும் அவனைப் பற்றி நினைப்பது வேறு. அந்த இடைவெளிதான் படம். 'மெட்ராஸ்' காளிக்கு வீட்டில் அம்மா, பாட்டி, வெளியே அன்பு, கலையரசி என்று சுற்றிலும் ஆட்கள். அவன் கோபத்தில் கிளம்பும்போதெல்லாம் யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுக்கிறார், அல்லது கேள்வி கேட்கிறார். அன்பு சொல்வதைக் காளி முழுசாக ஒப்புக்கொள்வதில்லை, காளியின் கோபத்தை அன்பும் ஒப்புக்கொள்வதில்லை. அரசியலைப் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம்.

'சார்பட்டா'வில் இது உச்சத்துக்குப் போகிறது. பாக்ஸிங் பக்கம் போகாதே என்று அடித்து வளர்க்கும் அம்மா பாக்கியம். அப்பா குத்துச்சண்டையிலிருந்து ரவுடியாகிச் செத்துப்போன பயம் அவளுக்கு. கபிலனைக் கேள்வி கேட்கிற மாரியம்மா. சட்டென்று பாராட்டாத ரங்கன் வாத்தியார். தமிழும் இங்கிலீஷுமாகப் பேசும் டாடி. அடுத்த மேட்ச் ஆடப்போவது ராமனா கபிலனா என்ற சண்டை மேட்சை விடப் பெரியதாக இருக்கிறது. அந்த உலகத்தில் எல்லாருக்கும் குத்துச்சண்டையைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. போன மேட்சில் யார் சொதப்பினான், அடுத்த மேட்சில் யாரை இறக்க வேண்டும், இடியாப்ப பரம்பரைக்காரனின் பலவீனம் எது. டீக்கடையில் நாங்கள் படங்களைப் பற்றிப் பேசுவதும் இதேதான். அதனால்தான் எங்களுக்கு அந்தப் படம் இவ்வளவு நெருக்கம் என்று நினைக்கிறேன்.

அந்த வசவுக்கு ஒரு வேலை இருக்கிறது. நாயகனுக்குச் சமமாகப் பேசுகிற ஆட்கள் இருக்கும்போது அவனைச் சுற்றி ஒரு தெரு உருவாகிறது. செட் போட்டு உண்டாக்க முடியாத ஒன்று அது. வடசென்னை என்றாலே கத்தியும் கானாவும் என்று எடுத்த படங்களில் தெரு இருக்கும், ஆனால் தெருவில் இருப்பவர்களுக்குக் கருத்து இருக்காது. வெட்டுவார்கள், ஆடுவார்கள், சாவார்கள். ரஞ்சித் அவர்களை வாதாட விட்டார். எங்கள் ஊருக்கு அவர் செய்த பெரிய மரியாதை அதுதான்.

'நட்சத்திரம் நகர்கிற'தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு படமாகத் தெரிகிறது. அதில் நாயகன் என்று யாரும் இல்லை, எல்லாரும் எல்லாரிடமும் திட்டு வாங்குகிறார்கள். நாடகக் குழுவில் ரெனேவிடம் அத்துமீறிய அர்ஜுனை வைத்துக்கொள்வதா, துரத்துவதா என்று குழுவே உட்கார்ந்து பேசுகிற இடம் ஒன்று உண்டு. யார் சொல்வதும் முட்டாள்தனமாக இல்லை. ரெனே எடுக்கிற முடிவை நம்மில் பலர் எடுத்திருக்க மாட்டோம். அதனாலேயே அது மனதில் நிற்கிறது. படம் நீளம், சில இடங்களில் பாடம் நடத்துகிறது, எல்லாம் உண்மை. ஆனால் கால் நிற்காமல் ஓடுகிறது. நண்பனின் கணக்கில் அது கீழே இருக்கிறது. என் கணக்கில் 'சார்பட்டா'வுக்குப் பக்கத்தில்.

*

சரி, எங்கே கால் கட்டிக்கொள்கிறது?

'கபாலி' இருபத்தைந்து வருஷ சிறைக்குப் பின் ஒருவர் வெளியே வருவதில் தொடங்குகிறது. மலேசியத் தோட்டத் தொழிலாளிகளின் வரலாறு பின்னால் நிற்கிறது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் கபாலியைத் திட்டுவதற்குப் படத்தில் ஆள் இல்லை. வில்லன் இருக்கிறார், அது வேறு. வில்லன் திட்டினால் நாயகன் உயரத்தான் செய்வான். கூட இருப்பவர்கள் எல்லாரும் அவருக்குத் தலையாட்டுகிறார்கள். அதனால் அவர் பேசுகிற ஒவ்வொரு வரியும் எதிரில் நிற்பவரைத் தாண்டி நேராகத் தியேட்டருக்கு வருகிறது. கைதட்டல் கிடைக்கிறது. தெரு காணாமல் போகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: குமுதவல்லியைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கிற பகுதி. அங்கே கபாலிக்குத் தொண்டை அடைக்கிறது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரஜினிகாந்த் என்ற நடிகரைப் பல வருஷங்களுக்குப் பிறகு நான் பார்த்தது அங்கேதான். பத்து நிமிஷத்தில் மறுபடி துப்பாக்கிகள் வந்துவிடுகின்றன.

'காலா'வில் ரஞ்சித் இந்தத் தப்பைத் திருத்தப் பார்க்கிறார் என்பது தெரிகிறது. செல்வி என்ற ஒரே பாத்திரம் போதும். பழைய காதலி ஜரீனா திரும்பி வந்திருக்கிறாள் என்றதும், எனக்கும் ஊரில் ஒருத்தன் இருந்தான், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலாவின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். முழிக்கிறார் ரஜினி. அந்த வீடு நிஜ வீடு. செல்வியைக் கதை கொன்றுவிட்ட பிறகு காலாவை மடக்கிப் பேச ஜரீனா ஒருத்திதான் மிச்சம், அவளுக்கும் கதை அதிக நேரம் தரவில்லை. அதற்குப் பின் படம் குறியீடுகளின் மேல் நடக்கிறது. கறுப்பு, சிவப்பு, நீலம் என்று தூள் பறக்கும் கிளைமாக்ஸ் பார்க்க அழகு. அந்த வண்ணங்கள் எனக்கும் முக்கியம்தான். ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நடந்த சண்டைகள் சொன்னதைவிட அவை அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

'தங்கலா'னிலும் இதேதான், இன்னும் பெரிய அளவில். வேப்பூரில் நடக்கும் தொடக்கம் அற்புதம். நிலம் கைவிட்டுப் போகிறது. கங்கம்மா புருஷனைச் சும்மா விடுவதில்லை. தங்கலான் வெளியே போய்ச் சம்பாதித்து வந்து பெண்களுக்கு ரவிக்கை கொடுக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் கூச்சமும் சிரிப்புமாக நிற்கிற காட்சியில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது, ஒரு பேனர் கூட இல்லாமல். ஆனால் தங்கத்தைத் தேடிக் கிளம்பிய பிறகு எதிராளி தங்கலானின் மண்டைக்குள் போய்விடுகிறார். ஆரத்தி வருகிறாள், மறைகிறாள், மறுபடி வருகிறாள். மனசுக்குள் இருக்கிற எதிராளி எவ்வளவு கத்தினாலும் அது திட்டு ஆகாது. விக்ரம் உடம்பை வருத்தி உழைத்திருக்கிறார். எதிரே நின்று மறுத்துப் பேச ஆள் இல்லாமல் அந்த உழைப்பு காற்றில் குத்துகிறது.

நேர்மையாகச் சொன்னால் 'சார்பட்டா'விலும் இது உண்டு. முதல் பாதி முடிவில் கபிலன் வேம்புலியை வீழ்த்தப்போகிற நேரத்தில் மேட்ச் கலவரமாகிறது. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியோடு ரங்கன் கைதாகிறார். 1976 ஜனவரி 31. தமிழ் சினிமாவில் அரசியலும் கதையும் ஒரே நொடியில் மோதிக்கொண்ட அபூர்வமான இடம் அது. அதற்குப் பிறகு சாராயம், தொப்பை, சரிவு, பீடி ராயப்பன், கடற்கரைப் பயிற்சி என்று படம் ஓட்டமாக ஓடுகிறது. இறுதிச் சண்டைக்கு வரும்போது கபிலனோடு முரண்பட யாரும் பாக்கி இல்லை. எல்லாரும் அவன் பக்கம். ஜெயிப்பான் என்று தெரியும், ஜெயிக்கிறான். பெரியப்பா அந்த நேரத்தில் மாத்திரை போட எழுந்து போனார். "நிறுத்தட்டுமா?" என்றேன். "வேணாம், ஓடட்டும். தெரிஞ்சதுதானே," என்றார்.

வெளியே இருந்து வந்த வாதத்தையும் சொல்ல வேண்டும். படம் வந்ததும் ராயபுரத்தில் பல வருஷம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அ.தி.மு.க.வின் ஜெயக்குமார், எம்.ஜி.ஆரைப் படம் தவறாகக் காட்டுகிறது என்று கண்டித்தார். முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியது 1980-இல், எம்.ஜி.ஆர். காலத்தில்தான். அந்தக் கண்டனத்தில் கட்சிக் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் என் பெரியப்பா தலைமுறையில் பாதிப் பேருக்கு எம்.ஜி.ஆர். வெறும் கட்சி இல்லை. படத்துக்குள் எல்லாவற்றுக்கும் எதிர்க்கருத்து வைத்த ரஞ்சித், இந்த விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கு நல்ல வாதாடி ஒருவரைக் கொடுக்கவில்லை. அங்கேயும் கால் கொஞ்சம் தடுக்கியது.

*

இதைக் கிளியரிங்காரனிடம் சொன்னேன். அவன் விடுவதாயில்லை. "அதெல்லாம் சரி, பெரிய ஸ்டார் வந்தா தெரு போயிடுதுன்னு சொல்ற. கார்த்தி சின்ன ஸ்டாரா? இன்னொண்ணு, அவரு ஏன் எப்பவும் தெருவையே எடுக்கணும்? மத்தவன்லாம் ராஜா கதை, புராணம்னு எடுப்பான், இவுரு மட்டும் ஹவுசிங் போர்டுலயே இருக்கணுமா?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது: கார்த்தி திட்டு வாங்கச் சம்மதித்தார், படமும் அதற்கு இடம் கொடுத்தது. இரண்டாவது கேள்வியில் என் நிலைமை சங்கடமானது. 'உங்க ஆளுங்க கதையை மட்டும் எடுங்க, அதுதான் உங்களுக்கு வரும்' என்று ஒரு தலித் இயக்குநரிடம் சொல்வதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. கேன்டீனில் கேட்கும்போது அது எனக்குக் கசக்கிறது. ஏரியாப் பாசத்தில் நானே அதைச் சொல்லும்போது இனிக்கிறது. பெரிய கதையை, வரலாற்றை, கனவை எடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. 'தங்கலான்' எடுக்கப்பட வேண்டிய படம். நான் கேட்பது ஒன்றுதான்: கோலாருக்குப் போகும்போது கங்கம்மாவின் வாயையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பரம்பரை என்ற சொல்லை வைத்துப் படம் எடுத்தவரை, அவர் ஆடிய மேட்சுகளை மட்டும் வைத்து எடை போட முடியுமா? ரங்கன் வாத்தியார் எத்தனை மேட்ச் ஜெயித்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. அவர் உருவாக்கியவர்களை வைத்துத்தான் பேசுகிறோம். 'பரியேறும் பெருமாள்' 2018-இல் நீலம் தயாரிப்பாக வந்தது. அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்', தமிழின் 'சேத்துமான்', 'ப்ளூ ஸ்டார்' என்று பட்டியல் நீள்கிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானாவும் ராப்பும் ஒன்றாக ஏறின. என் நண்பன் "தயாரிக்கச் சொல்லு, ஆளு கில்லாடி" என்று போகிறபோக்கில் சொன்னது உண்மையில் பெரிய பாராட்டு.

ஆனால் இதைச் சாக்காகச் சொல்லி அவருடைய சொந்த மேட்சைக் கேட்காமல் விட்டுவிட எனக்கு மனசில்லை. வாத்தியாராகவும் இருந்துகொண்டு ரிங்குக்குள்ளும் இறங்குகிறவர் அவர். மேடையில், பேட்டியில், கூட்டத்தில் அவர் தொடர்ந்து பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் மீது வீசப்படும் கேள்விகளில் பாதி வசைதான், கேள்வியே இல்லை. எப்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பவரின் பாத்திரங்களும் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று தோன்றுகிறது. திட்டு வாங்கிக்கொண்டு முழிக்கிற காளியும் கபிலனும் மறைந்து, எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கிற நாயகன் வந்துவிடுகிறான். இது என் ஊகம்தான். படங்களைத் தாண்டி என்னிடம் ஆதாரம் இல்லை.

*

கடைசியாக, சார்பட்டா 2.

இரண்டாம் பாகம் வருகிறது என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். அதிலிருந்து டீக்கடையில் இந்தக் கேள்வி ஓயவில்லை. கதைப்படி பார்த்தால் கபிலனின் கதை முடிந்துவிட்டது. வீழ்ந்தான், எழுந்தான், ஜெயித்தான். பிறகு எதற்கு இரண்டாம் பாகம் கேட்கிறோம்? வேறு ஒன்றைக் கேட்கிறோம் என்று எனக்கு இப்போது படுகிறது. 2021-இல் எங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு சாயங்காலத்தைக் கேட்கிறோம். ரோஸ் ரிங்குக்குள் வரும்போது எழுநூறு பேர் சேர்ந்து கத்துவதை. படம் முடிந்ததும் பெரியப்பா கேட்டது இதைத்தான்: "நல்லாதான் இருக்குது. விசிலடிக்க ஒருத்தனும் இல்லியேடா."

அது நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசைக்காக மட்டும் எடுத்தால், எல்லாரும் கபிலன் பக்கம் நின்று கைதட்டுகிற கடைசிச் சண்டையை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்த மாதிரி ஆகிவிடும்.

வேறு ஒரு வழி இருக்கிறது, எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. முதல் பாகம் எழுபதுகளின் இறுதியில் முடிகிறது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட முதல் முனையம் அது. அதுவரை கப்பலில் இருந்து மூட்டை மூட்டையாக ஆள் இறக்கிய சரக்கு, பெட்டிக்குள் போனது. பெட்டியைக் கிரேன் இறக்கும். கபிலனுக்கு அந்தத் தோளையும் முதுகையும் கொடுத்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற காலம் அது. "பெட்டி வந்த பொறவு எங்களுக்கு அவ்ளோவா வேலை இல்லடா," என்று பெரியப்பா சொல்வார், யார் மீதும் கோபம் இல்லாமல். கொஞ்ச நாள் கழித்து அவர் மாதவரத்தில் ஒரு குடோனுக்கு வேலைக்குப் போனார். மேட்ச் பார்க்கப் போவதும் நின்றது.

அந்தப் பெட்டி இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க லாரி மேல் நிற்கிறது. அதற்கான காகிதத்தைத்தான் என் நண்பன் ஆபீஸில் தள்ளிக்கொண்டிருக்கிறான். நான் ஏறிய ஐடி வேலைக்கும் அந்தப் பெட்டிக்கும்கூட ஏதோ ஒரு தூரத்து உறவு இருக்கும். ரிங்குக்குள் வேம்புலி இருக்கட்டும். ஆனால் வெளியே, முகமே இல்லாத அந்த எதிராளியிடம் கபிலன் எப்படி மோதுவான்? மாரியம்மா என்ன சொல்லித் திட்டுவாள்? சங்கத்தில் யார் யாரோடு சண்டை போடுவார்கள்? பாக்ஸிங் ஆடி என்ன கண்டோம் என்று அவனுடைய பையனே கேட்டால் பதில் என்ன? இவற்றுக்கெல்லாம் ரஞ்சித்திடம் விடை இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கிற ஆட்களை மட்டும் அவர் கூட்டி வந்தால் போதும், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

இதையெல்லாம் போன வாரம் அதே டீக்கடையில் சொன்னேன். கிளியரிங்காரன் பொறுமையாகக் கேட்டான். "கன்டெய்னர் வச்சுப் படமா? நான் காலையிலருந்து அதத்தானடா பார்த்துட்டு வர்றேன். தியேட்டர்லயும் அதையே பார்க்கணுமா?" என்றான். ஐஸ் வியாபாரி சிரித்தான்.

"டான்ஸிங் ரோஸ் வருவானா மாட்டானா, அத மட்டும் சொல்லு," என்றான்.

அது எனக்கும் தெரியவில்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு நான்கு டிக்கெட் என்று முடிவு செய்தோம். நான்காவது பெரியப்பாவுக்கு.